மிக்சியில் காப்பிக்கொட்டை அரைத்தல்

மிக்சியில் காப்பிக்கொட்டை அரைத்தல் என்பது, காப்பிக்கெனத் தனியாக அமைந்த அரைவைப் பொறி இல்லாத வீடுகளில், வறுத்த காப்பிக்கொட்டையை மிக்சி அல்லது சிறிய பிளெண்டரின் சுழலும் கத்தியைக் கொண்டு தூளாக்கும் முறையாகும். குடிப்பதற்குச் சற்று முன் அரைப்பதால் மணம் மிகுந்த தூள் கிடைப்பது இம்முறையின் சிறப்பு. துகள்கள் ஒரே அளவில் அமையாமல், மாவு போன்ற நுண்துகளும் உடைந்த கொட்டைத் துண்டுகளும் கலந்திருப்பது இதன் குறை. வடிகட்டியில் டிகாக்சன் இறங்காமல் நிற்பதற்கும், ஒரே காப்பியில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து தெரிவதற்கும் பெரும்பாலும் இக்குறையே காரணம். இது கத்தி இயங்கும் விதத்திலிருந்தே வருவதால், கூடுதல் வாட்டு கொண்ட மிக்சியை வாங்குவதால் தீராது. அரைக்கும் விதத்தை மாற்றினால் பெருமளவு குறையும்.

கருவிகளும் பெயர்களும்

காப்பி இலங்கைத் தமிழில் கோப்பி எனப்படும். காப்பிச் செடியின் பழத்துக்குள் இருக்கும் விதையே வழக்கில் காப்பிக்கொட்டை எனப்படுகிறது. இந்தியாவில் மிக்சி என்று வழங்கும் கருவியும் மேலைநாடுகளில் பிளெண்டர் என்று வழங்கும் கருவியும் அடிப்படையில் ஒரே அமைப்புடையவை. அடியில் ஒரு மின்னோடி, அதன் மேல் பொருத்தப்படும் ஒரு பாத்திரம், பாத்திரத்தின் அடியில் வேகமாகச் சுழலும் கத்தி ஆகிய மூன்றுமே அதன் முதன்மையான உறுப்புகள். மிக்சியுடன் வழக்கமாக மூன்று பாத்திரங்கள் தரப்படுகின்றன. அவற்றுள் மிகச் சிறியதான சட்னி சாடியே காப்பிக்கொட்டைக்கு ஏற்றது.

ஒருவருக்கு வேண்டிய அளவை மட்டும் அடிக்கும் கோப்பை வடிவப் பிளெண்டர்கள் 2000களில் அமெரிக்காவில் தொலைக்காட்சி விளம்பரங்கள் வழியாகப் பரவின. மேஜிக் புல்லட் என்ற கருவி இவ்வகையில் பெயர் பெற்றது. இவற்றில் கோப்பையின் வாயில் கத்தியுள்ள மூடியைத் திருகி, கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து மின்னோடியின் மேல் அழுத்த வேண்டும். அழுத்தும்போது மட்டுமே கருவி இயங்கும். பல கருவிகளுடன் இரண்டு கத்திகள் வரும்: நான்கு முனைகளும் மேலும் கீழும் வளைந்த கத்தி பழச்சாறு போன்ற நீர்மங்களுக்கும், முனைகள் வளையாத தட்டைக் கத்தி உலர்ந்த பொருள்களுக்கும் உரியவை. காப்பிக்கொட்டைக்குத் தட்டைக் கத்தியையே பயன்படுத்த வேண்டும். வளைந்த கத்தியில் அடிபடாத கொட்டைகள் மிகுதியாக எஞ்சும்.

வரலாறு

காப்பிக்கொட்டையை உரலில் இடிப்பதே மிகப் பழைய முறை. இலங்கையின் பல வீடுகளில் வறுத்த கோப்பிக்கொட்டையைக் கொத்தமல்லியுடன் சேர்த்து இடித்துத் தூளாக்கும் வழக்கம் உண்டு. கையால் சுழற்றும் அரைவைகள் பின்னர் வந்தன. இன்று மகிழுந்துக்குப் பெயர் பெற்ற பிரான்சின் பியூசோ நிறுவனம் 1840 ஆம் ஆண்டிலிருந்து காப்பி அரைவைகளைச் செய்தது. தமிழ்நாட்டு வீடுகளிலும் மேசை விளிம்பில் திருகிப் பொருத்தும் இரும்புக் கை அரைவைகள் இருந்தன. கொட்டையை வீட்டிலேயே வறுத்து, அன்றன்றைக்கு வேண்டியதை அரைத்துக்கொள்வது காப்பிப் பழக்கம் பரவிய குடும்பங்களில் அன்றாட வேலையாக இருந்தது. வாடிக்கையாளர் கண்முன்னே வறுத்து அரைத்துத் தரும் காப்பித்தூள் கடைகள் பெருகியபின் இவ்வரைவைகள் பரண்களுக்குச் சென்றன.

பிளெண்டரின் வரலாறு வேறு. அமெரிக்காவின் விசுக்கான்சின் மாநிலத்தில் ரசீன் நகரைச் சேர்ந்த இசுட்டீவன் பொப்லாவ்சுக்கி, 1922 ஆம் ஆண்டில் பாத்திரத்தின் அடியில் சுழலும் கத்தியை வைக்கும் அமைப்பை உருவாக்கினார். கடைகளில் பால் கலந்த குளிர்பானங்களை அடிப்பதே அதன் நோக்கம். 1930களில் பிரெட் வாரிங் என்ற இசைக்குழுத் தலைவரின் பெயரில் வந்த வாரிங் பிளெண்டரும் பானங்களுக்கானதே. நீர்மத்தை அடிக்கப் பிறந்த கருவி என்பதை நினைவில் கொள்வது இங்குத் தேவையாகிறது. நீர்மத்தில் கத்தி சுழலும்போது சுழிப்பு ஏற்பட்டு, பாத்திரத்தில் உள்ளவை அனைத்தும் மாறி மாறிக் கத்தியிடம் வந்து சேரும். உலர்ந்த கொட்டையில் அத்தகைய சீரான சுழற்சி அமைவதில்லை.

மேலைநாட்டுக் கருவிகள் இந்திய அரைப்புக்குத் தாங்கவில்லை. மாதுரி மாத்தூர் என்பவர் வீட்டில் பயன்படுத்திய செருமானிய மிக்சி பழுதடைந்ததைத் தொடர்ந்து, அவருடைய கணவரும் பொறியாளருமான சத்யபிரகாசு மாத்தூர் வலுவான மின்னோடியைக் கொண்ட மிக்சி ஒன்றை வடிவமைத்தார். 1963 இல் சுமீத் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. மஞ்சள், மிளகாய், ஊறவைத்த பருப்பு ஆகியவற்றை அரைக்கும் இத்தகைய மிக்சிகளுக்கு வறுத்த காப்பிக்கொட்டை கடினமான பொருளே அன்று. அதைத் தூளாக்குவது எளிது. ஒரே அளவாகத் தூளாக்குவதுதான் அரிது.

வறுத்த கொட்டையின் தன்மை

வறுக்காத பச்சைக் கொட்டையில் எடையில் 10 முதல் 12 விழுக்காடு வரை நீர் இருக்கும். அது உறுதியானது, எளிதில் நொறுங்காது. அதை மிக்சியில் இடக்கூடாது. 200 பாகை செல்சியசுக்கு மேல் வறுபடும்போது நீரின் பெரும்பகுதி வெளியேறுகிறது. உள்ளே உண்டாகும் வளிமங்களின் அழுத்தத்தால் கொட்டை பருத்து, நுண்ணறைகள் நிறைந்த நொறுங்கும் பொருளாகிறது. வறுவல் கருமையாக ஆக ஆக நொறுங்கும் தன்மை கூடும். எனவே கரு வறுவல் கொட்டையை அரைத்தால் நுண்துகள் மிகுதியாகவும், இளவறுவல் கொட்டையை அரைத்தால் பெரிய துண்டுகள் மிகுதியாகவும் கிடைக்கும். ஒரே மிக்சியில் ஒரே நேரம் அரைத்தாலும் வேறுவேறு கொட்டைக்கு வேறுவேறு தூள் வருவதற்கு இது ஒரு காரணம்.

வறுத்த கொட்டையின் நுண்ணறைகளில் கார்பன் டை ஆக்சைடு வளிமமும் 800க்கும் மேற்பட்ட ஆவியாகும் சேர்மங்களும் அடைபட்டிருக்கின்றன. காப்பியின் மணத்துக்குப் பெரிதும் காரணமான பர்ஃபியூரில் தையோல் போன்ற கந்தகச் சேர்மங்கள் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் எளிதில் வினைபுரிந்து அழிபவை. முழுக்கொட்டையாக இருக்கும்வரை கொட்டையின் உடலே இவற்றுக்குக் காப்பாக அமைகிறது. அரைத்தவுடன் அக்காப்பு உடைகிறது. அரைக்கும்போது வீடு முழுவதும் பரவும் மணம், கோப்பைக்கு வந்திருக்க வேண்டிய மணத்தில் ஒரு பகுதியே.

எவ்வளவு பரப்பு புதிதாக வெளிப்படுகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 6 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தைக் கொட்டையாகக் கொண்டால் அதன் புறப்பரப்பு 216 சதுர மில்லிமீட்டர். அதை 0.6 மில்லிமீட்டர் பக்கமுள்ள 1000 சிறு கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 2160 சதுர மில்லிமீட்டர் ஆகிறது. காப்பியின் அளவு மாறாமலே காற்றும் நீரும் தொடக்கூடிய பரப்பு 10 மடங்காகிவிட்டது. அரைத்த தூள் சில நாள்களில் இழக்கும் மணத்தை முழுக்கொட்டை சில வாரங்கள் வரை வைத்திருப்பதும், அதே தூளிலிருந்து வெந்நீர் விரைவாகச் சாற்றை இறக்குவதும் ஒரே காரணத்தால்தான்.

துகள் அளவும் சுவையும்

வறுத்த காப்பியின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வெந்நீரில் கரையக்கூடியது. அது முழுவதும் கோப்பைக்கு வருவது நல்லதன்று. அமெரிக்காவில் 1950களில் எர்னசுட்டு லாக்கார்ட்டு என்ற வேதியியலாளர் மேற்கொண்ட ஆய்வுகளின்படி, தூளின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு வரை கரைந்த காப்பியே பெரும்பாலோருக்குப் பிடித்ததாக இருந்தது. அது பால் கலக்காத அமெரிக்கக் காப்பிக்கான அளவு என்றாலும், அடிப்படை எல்லாக் காப்பிக்கும் பொருந்தும். அமிலச் சுவையுள்ள பொருள்கள் முதலில் கரைகின்றன. கசப்பும் துவர்ப்பும் உள்ளவை பின்னர் கரைகின்றன. குறைவாகக் கரைந்தால் புளிப்பு மேலோங்கும். மிகுதியாகக் கரைந்தால் கசப்பு மேலோங்கும்.

சிறு துகளிலிருந்து சாறு விரைவாகவும், பெரிய துகளிலிருந்து மெதுவாகவும் இறங்கும். துகள்கள் ஒரே அளவில் இருந்தால் நீர் படும் நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ சுவையைச் சரிசெய்துகொள்ளலாம். இரு வேறு அளவுகள் கலந்திருந்தால் அவ்வழி அடைபடுகிறது. நேரத்தைக் கூட்டினால் நுண்துகளிலிருந்து கசப்பு இறங்குகிறது. குறைத்தால் பெரிய துண்டுகளின் உட்பகுதி நனையாமலே போகிறது. மிக்சியில் அரைத்த தூளைக் கொண்டு காப்பி தயாரிப்பவர்கள் தூளின் அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துச் சலித்துப்போவது இதனால்தான். பிழை அளவில் இல்லை.

தென்னிந்திய வடிகட்டிக் காப்பியில் பாலும் சர்க்கரையும் சேர்வதால் இக்குறை ஓரளவு மறைந்துவிடுகிறது. கறுப்புக் காப்பி குடிப்பவர்களுக்கே அது தெளிவாகத் தெரியும்.

கத்தியும் பல்வட்டும்

காப்பிக்கென அமைந்த அரைவைகளில் பற்கள் கொண்ட இரண்டு வட்டுகள் அல்லது கூம்புகள் எதிரெதிராக இருக்கும். அவற்றிடையே உள்ள இடைவெளியைத் திருகிக் குறைக்கவோ கூட்டவோ இயலும். கொட்டை அவ்விடைவெளியில் நசுங்கி, இடைவெளியைவிடச் சிறியதானதும் வெளியே விழுந்துவிடும். ஆகவே துகளின் அளவை முடிவு செய்வது இடைவெளி. எவ்வளவு நேரம் ஓடியது என்பது பொருட்டன்று. காப்பித்தூள் கடைகளில் உள்ள பெரிய பொறிகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இவற்றிலும் நுண்துகள் வராமல் இல்லை. நொறுங்கும் பொருளை உடைத்தால் ஓரளவு பொடி உதிர்ந்தே தீரும். ஆனால் பெரிய துண்டுகள் தப்பிச் செல்வதில்லை.

மிக்சியில் நடப்பது அரைத்தல் என்பதைவிட அடித்து உடைத்தல் எனலாம். நிமிடத்துக்கு 18,000 முறை சுழலும் மிக்சியில், முனைக்கு முனை 5 சென்டிமீட்டர் நீளமுள்ள கத்தியின் முனை நொடிக்கு ஏறத்தாழ 47 மீட்டர், அதாவது மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அவ்வேகத்தில் கத்தி கூர்மையாக உள்ளதா மழுங்கியுள்ளதா என்பது கூடப் பெரிய வேறுபாட்டைத் தருவதில்லை. மோதிய கொட்டை சிதறும். சிதறிய துண்டுகளுள் எது மறுபடியும் கத்தியில் படும், எது மூடியருகே சுற்றிக்கொண்டிருக்கும் என்பது தற்செயலானது. போதிய அளவுக்குச் சிறியதாகிவிட்ட துகள் வெளியேற வழியில்லாததால் அது மேலும் மேலும் அடிபட்டு மாவாகிறது.

இத்துடன் வேறொன்றும் சேர்கிறது. பொரியும் உப்பும் கலந்த டப்பாவைக் குலுக்கினால் பொரி மேலே வந்து உப்பு அடியில் தங்குவதைக் காணலாம். அதிர்வில் சிறு துகள்கள் இடுக்குகள் வழியே கீழிறங்குவதே காரணம். மிக்சிச் சாடியிலும் இவ்வாறே நுண்தூள் கத்தியைச் சுற்றி அடியில் படிந்து அப்பிக்கொள்ள, உடைபட வேண்டிய பெரிய துண்டுகள் மேலே எஞ்சுகின்றன. தொடர்ந்து ஓட்டினால் சில நொடிகளுக்குப் பின் கத்தி அப்பிய தூளுக்குள் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். கவிழ்த்துப் பயன்படுத்தும் கோப்பைப் பிளெண்டரிலும் இதே நிலைதான்.

வெப்பம் பற்றிய கருத்து

மிக்சியில் அரைத்தால் காப்பி கருகிவிடும் என்ற கருத்து பரவலாக உள்ளது. 200 பாகைக்கு மேல் வறுபட்ட கொட்டை மிக்சியின் சூட்டில் கருகுவதில்லை. ஆயினும் இக்கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. 500 வாட்டு மின்னோடி முழுச் சுமையில் 30 நொடி ஓடினால் செலவிடும் ஆற்றல் 15,000 சூல். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் 50 கிராம் காப்பியில் வெப்பமாகச் சேர்வதாகக் கொண்டாலும், அதன் வெப்பநிலை 15 முதல் 20 பாகை வரை உயரும். அறையில் 30 பாகையில் இருந்த தூள் 50 பாகையை எட்டும். இது கருகுவதற்குப் போதாது. ஆனால் ஆவியாகும் மணச் சேர்மங்கள் விரைந்து வெளியேறப் போதும். விட்டுவிட்டு ஓட்டி, ஓடும் மொத்த நேரத்தைக் குறைத்தால் இவ்விழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று.

கொட்டையைக் குளிர்வித்து அரைத்தால் துகள்கள் கூடுதல் சீராக அமையும் என்பதை 2016 இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்சு ஆய்விதழில் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வாய்வு பல்வட்டு அரைவையில் நடத்தப்பட்டது. வீட்டில் இதைச் செய்ய விரும்பினால், ஒரு வேளைக்கான கொட்டையைக் காற்றுப்புகா உறையில் உறைபெட்டியில் வைத்து, எடுத்தவுடன் அரைக்க வேண்டும். வெளியே வைத்துக் காத்திருந்தால் தமிழ்நாட்டின் ஈரக்காற்றில் கொட்டையின் மேல் நீர் வேர்த்துவிடும். ஒரே உறையை நாள்தோறும் எடுத்துத் திறந்து மீண்டும் உள்ளே வைப்பது, குளிர்விக்காமலே இருப்பதைவிடக் கேடானது.

அரைக்கும் முறை

சாடி முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். கத்தியை மூடும் அளவுக்கு மேல் சற்றே கூடுதலாகக் கொட்டையை இடலாம். சாடியின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. சிறிய சட்னி சாடிக்கு 30 முதல் 50 கிராம் வரை பொருத்தமாக இருக்கும். மிகக் குறைவாக இட்டாலும் கொட்டைகள் அடிபடாமல் துள்ளிக்கொண்டிருக்கும். பெரிய சாடியில் சிறிதளவு கொட்டையை இடுவதால் ஏமாற்றமே மிஞ்சும்.

மிக்சியை 2 அல்லது 3 நொடி ஓட்டி நிறுத்த வேண்டும். விட்டுவிட்டு இயக்குவதற்கென இடப்புறம் திருப்பும் நிலை பெரும்பாலான மிக்சிகளில் உண்டு. கோப்பைப் பிளெண்டரில் அழுத்தி விடுவதே போதும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாடியைக் கையில் எடுத்துக் குலுக்கி, ஒரு முறை தட்டி, அடியில் அப்பியதை உதிர்த்தபின் மறுபடியும் ஓட்ட வேண்டும். நிறுத்தும் இடைவெளி வீண் நேரமன்று. பெரிய துண்டுகள் கத்தியிடம் வந்து சேர்வது அப்போதுதான்.

தொடக்கத்தில் கேட்கும் கடகட ஓசை அடங்கி, இரைச்சல் சீராவது முழுக்கொட்டைகள் தீர்ந்துவிட்டதைக் காட்டும். அதன்பின் ஒவ்வொரு முறையும் விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பது நல்லது. தென்னிந்திய வடிகட்டிக்கு மென் ரவை போலவும், வெந்நீரில் ஊறவைத்து உலோக வலையால் அழுத்தும் பிரெஞ்சு பிரசுக்குப் பருமணல் போலவும் தூள் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டர் கணக்கில் பிரெஞ்சு பிரசுக்கு ஏறத்தாழ 1000, தாள் வடிகட்டிக்கு 600 முதல் 800 வரை, எசுப்பிரெசோவுக்கு 200 முதல் 400 வரை என்று கொள்ளலாம். ஓடும் மொத்த நேரம் பொதுவாக 15 முதல் 25 நொடிக்குள் அடங்கும்.

இவற்றையெல்லாம் விடப் பயன் மிகுந்தது சல்லடை. கொட்டை பாதி உடைந்த நிலையிலேயே தூளைச் சலித்து, கீழே விழுந்ததை எடுத்து வைத்துக்கொண்டு, சல்லடையில் தங்கியதை மட்டும் மீண்டும் சாடியில் இட்டு அரைக்க வேண்டும். இருமுறை இவ்வாறு செய்தாலே வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். போதிய அளவுக்குச் சிறியதான துகளை அடிபடாமல் வெளியே எடுத்துவிடுவதால், பல்வட்டு அரைவையின் இடைவெளி செய்யும் வேலையை இங்குச் சல்லடை செய்கிறது. சிமெந்து ஆலைகளில் அரைத்த பொடியைப் பிரிகலன் வழியே செலுத்தி, பருமனானதை மட்டும் அரைவைக்குத் திருப்பியனுப்பும் முறையும் இதே கருத்தில் அமைந்தது. தேநீர் வடிகட்டியின் கண்கள் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இருக்கும். அது பருந்தூளுக்குப் போதும். தென்னிந்திய வடிகட்டிக்கு அதைவிட நெருக்கமான மாவுச் சல்லடை வேண்டும்.

மிக நுண்ணிய சல்லடையால் மாவு போன்ற பகுதியையும் நீக்குவோர் உண்டு. கறுப்புக் காப்பிக்கு அது பயன் தரலாம். பால் சேர்க்கும் காப்பிக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. நல்ல கொட்டையில் ஒரு பகுதியைக் குப்பையில் இடுவதாகவே முடியும்.

டிகாக்சன் இறங்காமை

தென்னிந்திய வடிகட்டியில் மேற்பாத்திரத்தின் துளைகள் மேல் தூளை இட்டு, காம்புள்ள தட்டால் மெல்ல அழுத்தி, வெந்நீர் ஊற்றுவது வழக்கம். நீர் தன் எடையால் மட்டுமே தூளின் ஊடே இறங்குகிறது. துகள் படுகையின் ஊடே நீர் பாயும் வேகத்தைத் தரும் கோசெனி–கார்மன் சமன்பாட்டின்படி, பிற நிலைகள் மாறாதபோது அவ்வேகம் துகள் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். துகளின் விட்டம் பாதியானால் பாய்வு நான்கில் ஒன்றாகும். மிக்சித் தூளில் உள்ள நுண்பகுதி பெரிய துகள்களின் இடைவெளிகளையும் அடைத்துக்கொள்வதால் நிலைமை இன்னும் மோசமாகிறது. காலையில் அவசரத்தில் வடிகட்டியைத் தட்டிக்கொண்டும் மேற்பாத்திரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டும் நிற்க நேர்வது இதனால்தான். தட்டுவதால் சில துளிகள் இறங்கும். ஆனால் அதிர்வில் நுண்துகள் மேலும் அடிக்குச் சென்று துளைகளை அடைத்துவிடும்.

இத்தகைய தூளை அழுத்தாமல் பரப்பி மட்டும் விடுவது நல்லது. சல்லடையில் தங்கிய பருந்தூளில் சிறிதளவை முதலில் துளைகளின் மேல் பரப்பி, அதன் மேல் எஞ்சிய தூளை இட்டால் துளைகள் திறந்திருக்கும். கிணற்றடியில் வைக்கும் மணல் வடிகட்டியில் கூழாங்கல்லை அடியில் இடுவதும் இதற்கே. முதலில் சிறிதளவு வெந்நீர் ஊற்றி, தூள் நனைந்து வளிமம் வெளியேறியபின் மீதியை ஊற்றினால் நீர் சீராக இறங்கும். புதிதாக வறுத்த கொட்டையில் இந்நுரைப்பு மிகுதி.

கொதிநீரில் தூளை இட்டுத் தெளியவைத்துத் துணியில் வடிகட்டும் பழைய முறைக்கும், குளிர்நீரில் இரவு முழுவதும் ஊறவைக்கும் முறைக்கும் மிக்சித் தூள் தாராளமாக ஏற்றது. எசுப்பிரெசோவுக்கு அது ஏற்றதன்று. ஏறத்தாழ 9 வளிமண்டல அழுத்தத்தில் அரை நிமிடத்துக்குள் நீர் கடந்து செல்வதால், தூள் சீரற்றிருந்தால் நீர் தளர்ந்த வழியைக் கண்டுபிடித்து அதன் ஊடாகவே பாய்ந்துவிடும்.

நிலைமின்

அரைக்கும்போது துகள்கள் ஒன்றோடொன்று உரசியும் உடைந்தும் மின்னூட்டம் பெறுகின்றன. நெகிழிக் கோப்பையின் சுவரிலும் மூடியிலும் தூள் ஒட்டிக்கொள்வதும், திறக்கும்போது மேசையெங்கும் சிதறுவதும் இதன் விளைவுகள். கொட்டையில் சிறிதளவு நீர் சேர்த்து அரைத்தால் மின்னூட்டம் குறைவதை அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அடங்கிய குழு 2023 இல் மேட்டர் என்ற ஆய்விதழில் விளக்கியது. காப்பி ஆர்வலர்கள் அதற்கு முன்பே கைக்கொண்டிருந்த பழக்கந்தான் இது. 30 கிராம் கொட்டைக்கு ஓரிரு துளி நீரைக் கரண்டிக் காம்பால் தொட்டுக் கலந்தால் போதும். அதற்கு மேல் சேர்த்தால் தூள் பசையாகச் சாடியில் அப்பும். அரைத்தபின் அரை நிமிடம் மூடியைத் திறக்காமல் வைத்திருந்தாலும் மிதக்கும் தூள் படிந்துவிடும்.

சிக்கரி

தென்னிந்தியக் கலவைகளில் சேரும் சிக்கரி, சிக்கரிச் செடியின் வேரை உலர்த்தி வறுத்துப் பெறப்படுவது. அதில் கஃபீன் இல்லை. காப்பியும் சிக்கரியும் கலந்த தூளில் எடையில் குறைந்தது 51 விழுக்காடு காப்பி இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. வறுத்த சிக்கரி காற்றிலிருந்து ஈரத்தை விரைவாக உறிஞ்சி ஒட்டும் தன்மையடைவதால், அதைக் கொட்டையுடன் சேர்த்து மிக்சியில் இடக்கூடாது. தூளாகவே வாங்கி, அரைத்த காப்பியுடன் கரண்டியால் கலந்துகொள்ளலாம். சிக்கரித் தூளும் நீர் இறங்கும் வேகத்தைக் குறைக்கும். எனவே மிக்சித் தூளில் வழக்கமான விகிதத்தைவிடச் சற்றுக் குறைத்துத் தொடங்குவது பாதுகாப்பானது.

வீட்டில் அரைப்பதன் பயன்

அருகிலேயே அன்றன்று வறுத்து அரைக்கும் கடை இருந்து, வாங்கும் தூள் ஒரு வாரத்துக்குள் தீர்ந்துவிடுமானால், மிக்சியில் அரைப்பதால் வரும் ஆதாயம் சிறிதே. கடைப் பொறியின் சீரான தூள் அதை ஈடுசெய்துவிடும். அத்தகைய கடை இல்லாத ஊர்களில், எப்போது அரைத்தது என்று தெரியாத உறைத்தூளுக்கு மாற்றாக மிக்சியைப் பயன்படுத்தும்போது வேறுபாடு தெளிவாகத் தெரியும். காப்பியை விரும்பி நாள்தோறும் அரைக்கத் தொடங்குபவர்களுக்குக் கையால் சுழற்றும் சிறிய பல்வட்டு அரைவை மிக்சியைவிட ஏற்றது. பரணில் கிடக்கும் பழைய கை அரைவை துருப்பிடிக்காமல் இருந்தால் அதுவே போதும்.

தூய்மையும் பாதுகாப்பும்

வறுத்த அராபிக்கா கொட்டையில் ஏறத்தாழ 15 விழுக்காடும் ரொபசுட்டாவில் 10 விழுக்காடும் எண்ணெய் உள்ளது. சாடியில் படியும் இவ்வெண்ணெய் சில நாள்களில் சிக்கு நாற்றம் பெற்று அடுத்த தூளைக் கெடுக்கும். மிளகும் சீரகமும் அரைத்த சாடியில் காப்பியை அரைத்தால் அந்த மணமும் தூளில் ஏறும். ரசத்தில் காப்பி மணப்பதும் அதேபோல் நேரக்கூடியதே. ஒரு கைப்பிடி பச்சரிசியை அரைத்துக் கொட்டிவிட்டுச் சாடியைக் கழுவி வெயிலில் உலர்த்துவது எளிய தீர்வு. இயலுமானால் காப்பிக்கெனத் தனிச் சாடி வைத்துக்கொள்வதே சிறந்தது. நெகிழிக் கோப்பைகளில் கொட்டை மோதுவதால் நாளடைவில் கீறல்கள் விழுந்து கோப்பை மங்கும். கீறல்களில் எண்ணெய் தங்குவதால் அதே கோப்பையைப் பழச்சாற்றுக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

அப்பிய தூளை விரலால் எடுக்கும் முன் சாடியை மின்னோடியிலிருந்து கழற்றிவிட வேண்டும். நிறுத்தியிருந்தாலும் மின்னிணைப்பில் உள்ள மிக்சியின் சாடிக்குள் கையை விடக்கூடாது. மிக்சி திடீரென நின்றுவிட்டால், பெரும்பாலும் அடிப்புறத்தில் உள்ள மிகைச்சுமைக் காப்புப் பொத்தான் வெளியே தள்ளப்பட்டிருக்கும். சில நிமிடங்கள் ஆறவிட்டு, அடைப்பை நீக்கியபின் அதை அழுத்தினால் மீண்டும் இயங்கும். கோப்பைப் பிளெண்டரில் தூளுடன் வெந்நீரையும் ஊற்றிக் காப்பியாகவே அடித்துவிட முயலக்கூடாது. இறுக மூடிய கோப்பையில் சூடான நீர்மத்தின் ஆவியழுத்தம் ஏறி, திறக்கும்போது முகத்திலும் கையிலும் பீறிட்டு அடிக்கக்கூடும்.